படுக்கையில் ஒருவர், பக்கத்தில் நீங்கள்: கஷ்ட காலத்தில் நன்றியைத் தினப் பழக்கமாக்கும் வழி

வீட்டில் ஒருவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு வார்த்தையும் சேர்த்துத்தான் தருவார்கள்: “நல்லதையே நினைங்க, எல்லாம் சரியாயிடும்.” பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, படுக்கைப்புண் வராமல் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, விடிந்ததும் மூக்குக்குழாயில் கஞ்சி விட்டுக்கொண்டிருக்கும் மகளுக்கு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. எதை நினைப்பது, எப்போது நினைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்த வழிகாட்டி அந்த மகளுக்காக. மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவருக்கும், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும், டயாலிசிஸ் வாசலில் வாரம் மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் காத்துக் கிடக்கும் தம்பிக்கும் இது பொருந்தும். என் அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்த காலத்தில் எனக்குக் கைகொடுத்த பழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நான் நன்றி என்று சொல்வது, இன்றைக்கு யார் நமக்காக என்ன செய்தார்கள் என்று கவனித்து வைப்பதை. சந்தோஷமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. அழுதுகொண்டே கூடச் செய்யலாம். கஷ்ட காலத்தில் மனிதர்கள் செய்வது சின்னச் சின்னக் காரியங்கள். ஆனால் நமக்கு மிகத் தேவையான நேரத்தில் செய்கிறார்கள். களைப்பில் அவை கண்ணில் படாமலே போய்விடுகின்றன. படவைப்பதுதான் இந்தப் பழக்கத்தின் வேலை.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு, ஒரு அளவுக்கு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதில் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனைகள்தான் பிரபலம். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசியாக வரும் மூன்றாவது சோதனை. அதில் இருந்தவர்கள் நரம்புத் தசை நோய் உள்ளவர்கள். உடம்பு சொன்னபடி கேட்காத வாழ்க்கை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள். 21 நாள், நாள்தோறும் ஒரு படிவம் நிரப்பினார்கள். ஒரு பிரிவினர் அன்று எதற்கெல்லாம் நன்றியோடு இருக்கிறோம் என்றும் சேர்த்து எழுதினார்கள். அவர்களுக்கு மனத் தெம்பு கூடியிருந்தது, தூக்க நேரம் கூடியிருந்தது, மற்றவர்களோடு நெருக்கமாக உணர்ந்தார்கள். அவர்களுடைய கணவன் அல்லது மனைவியிடம் தனியாகக் கேட்டபோதும் வித்தியாசம் தெரிந்தது. தசைக்கு வலு திரும்பியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தூக்கமும் தெம்பும் கொஞ்சம் கூடினால், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

முதல் படி: கஷ்டத்தை முதலில் எழுதுங்கள்

நன்றியில் தொடங்காதீர்கள். அன்றைய பாரத்தை ஒன்றிரண்டு வரியில் அப்படியே எழுதிவிடுங்கள். “சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) அடைத்துக்கொண்டது. மூன்று இடத்துக்கு போன் செய்தும் மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லை. அப்பா வலியில் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது.” இதை எழுதாமல் நேரே நன்றிக்குத் தாவினால் மனம் நம்பாது. பொய் எழுதுகிறோம் என்ற உணர்ச்சி வந்துவிடும்; நாலாம் நாள் நோட்டை மூடிவிடுவீர்கள்.

ஒன்றிரண்டு வரி என்று அளவு சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. கெட்டது நம் மனத்தில் நல்லதைவிட ஆழமாக இறங்கும். ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2001-ல் பல துறை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்ன முடிவு இது. திட்டிய ஒரு வார்த்தை நாலு நாள் நிற்கும். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த கை அடுத்த வேளைக்குள் மறந்துபோகும். கெட்டதை நினைவில் வைக்க யாரும் உழைக்க வேண்டியதில்லை, நல்லதுக்குத்தான் உழைக்க வேண்டும். அதனால் கஷ்டத்துக்கு அதன் இடத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தின் மீதியை மற்றதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: புது நோட்டு வேண்டாம்

நோயாளி இருக்கிற வீட்டில் ஏற்கெனவே ஒரு நோட்டு இருக்கும். பிபி, சுகர், எத்தனை மில்லி கஞ்சி போனது, எத்தனை மில்லி சிறுநீர் வந்தது, எந்த மாத்திரை எப்போது கொடுத்தது எல்லாம் அதில்தான் இருக்கும். அதையே பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். அழகான டைரி வாங்கினால் அது அலமாரிக்குப் போய்விடும். இந்த நோட்டு எப்போதும் கட்டில் தலைமாட்டில், பேனாவோடு கட்டியே கிடக்கும்.

நேரத்தையும் அப்படியே, ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு ஒட்டவையுங்கள். ராத்திரி ஒன்பது மணி மாத்திரை கொடுத்து, வாய் துடைத்து, நோட்டில் டிக் போடுவீர்கள் அல்லவா? பேனாவைக் கீழே வைக்காமல் நோட்டைத் திருப்பி எழுதிவிடுங்கள். “நேரம் கிடைக்கும்போது எழுதலாம்” என்று வைத்தால் அந்த வீட்டில் நேரம் கிடைக்கவே கிடைக்காது. படுத்த பிறகு செல்போனில் எழுதலாம் என்ற யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. போனை எடுத்தால் சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்து கிடக்கும் நாற்பது மெசேஜ்தான் முதலில் கண்ணில் படும்.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. ஆனால் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரு காரியத்தைச் செய்து, அது தானாக வரும் நிலைக்குப் பழக எடுத்த காலம் நடுவாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. அந்த ஆய்வில் நமக்கு ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. திடீரென்று காய்ச்சல் ஏறி ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளில் யாரும் நோட்டைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பெயர், காரியம், லேசானது எது

இதுதான் மையம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் என்ன எழுதுவார்? ஊர், பெயர், தொகை. “எல்லாரும் அன்போடு வந்திருந்தார்கள்” என்று எழுதமாட்டார். அந்தத் துல்லியம் இங்கேயும் வேண்டும். “குடும்பத்துக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி” என்று எழுதினால் மூன்றாம் நாளே கை தானாக எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: யார், என்ன செய்தார், அதனால் நமக்கு எது லேசானது.

“மாடி வீட்டு அக்கா. காலையில் பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சியே கொண்டுவந்து வைத்தார். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு நான் கீழே ஓட வேண்டியிருக்கவில்லை.”

“மருந்துக்கடை அண்ணன். முழு ஸ்ட்ரிப் வாங்கச் சொல்லாமல் ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்தார். டாக்டர் நாளைக்கு மருந்தை மாற்றினாலும் காசு வீணாகாது.”

“பிசியோ தம்பி. அப்பா கையை உதறித் தள்ளியபோதும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். அப்புறம் அப்பாவே கையை நீட்டினார்.”

பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் முழு ஸ்ட்ரிப்பையும் தலையில் கட்டியிருக்கலாம். பிசியோ தம்பி அரைமணி முடிந்ததென்று கிளம்பியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை என்பது எழுதும்போதுதான் நமக்கே தெரியவருகிறது. மூன்றாவது பகுதியான ‘எது லேசானது’ என்பதை விட்டுவிடாதீர்கள். அதுதான் அந்தக் காரியத்தை நம் வாழ்க்கையோடு இணைக்கிறது.

மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-ல் சோதித்த முறையும் இதற்கு நெருக்கமானது. தினமும் நடந்த நல்லவை மூன்று, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு, ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது. வாரம் முடிந்த பிறகும் யாரும் சொல்லாமலே தொடர்ந்து எழுதியவர்களுக்குத்தான் அது அதிகம் நிலைத்தது.

மூன்று எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒன்று போதும். ஒரு வரி, ஆனால் முழு வரி.

எதுவுமே தோன்றாத நாட்கள்

வரும். வாரத்தில் இரண்டு நாளாவது வரும். அப்போது இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, இல்லாமல் போயிருந்தால் என்று யோசிப்பது. 2008-ல் மின்கியுங் கூ என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் தம்பதிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியது. பக்கவாதம் வந்த வீட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தீர்கள் என்றால் அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். “அப்பாவுக்கு வாய் கோணுது” என்று முதலில் கவனித்தவர். 108-க்கு போன் போட்டவர். அந்த வண்டியை ஓட்டியவர். தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டிய பையன். இதில் ஒருவரை எடுத்துவிட்டால் அன்றைய நாள் எப்படிப் போயிருக்கும்? ஒரு ராத்திரிக்கு ஒருவர் என்று எழுதினால்கூட ஒரு வாரத்துக்கு வரும்.

நேரத்துக்குப் போக முடியாமல் போன குடும்பங்கள் இந்தக் கேள்வியை அந்த நாளை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டாம். அது குற்ற உணர்ச்சியைத்தான் கிளறும். இன்றைக்கு நடந்த சின்ன விஷயங்களை வைத்துக் கேளுங்கள். இன்றைக்குக் கரண்ட் போயிருந்தால் ஏர் பெட் என்ன ஆகியிருக்கும்? பெரியம்மா வந்து உட்காராமல் இருந்திருந்தால் நான் எப்போது குளித்திருப்பேன்?

இன்னொரு வழி, பெயர் தெரியாதவர்களைத் தேடுவது. ஆபரேஷனுக்கு ஏற்றிய ரத்தத்தைக் கொடுத்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. வார்டைத் துடைத்தவர் பெயர் கேட்டிருக்கமாட்டீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே தருகிறார்கள். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அப்படி வருகிற அம்மாவும் உங்கள் நோட்டில் ஒரு வரிக்கு உரியவர்.

நோயாளியும் நோட்டில் வர வேண்டும்

பார்த்துக்கொள்கிறவர்கள் நோட்டில் உதவியவர்கள் எல்லாரும் வருவார்கள். படுத்திருப்பவர் மட்டும் நாம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையாகவே இருப்பார். இதை மாற்றுவது முக்கியம். அவரும் நமக்கு ஏதோ தருகிறார். ஊசி போடும்போது கையை இறுக்கிக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்தார், வாயை மூடிக்கொள்ளாமல் கஞ்சியை வாங்கிக்கொண்டார், “நீ சாப்ட்டியா?” என்று சைகையில் கேட்டார். அவர் நம்மை வளர்த்த காலத்து நினைவுகளையும் எழுதலாம், ஆனால் இன்றைக்கு அவர் செய்ததை முதலில் எழுதுங்கள்.

எழுதியதை அவரிடம் சொல்லவும் செய்யுங்கள். படுத்திருப்பவரை அரிக்கும் எண்ணம் ஒன்றுதான்: எல்லாருக்கும் பாரமாகிவிட்டோம். “அப்பா, இன்னைக்கு நீங்க இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தீங்க பாருங்க, எனக்கு முதுகு வலியே தெரியல” என்றால் அந்த எண்ணம் ஒரு நிமிஷமாவது விலகும். பேச்சு போனவர்களுக்கும் கேட்பது புரியலாம். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுக்குள் நிற்காது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வருவது அது. நீங்கள் நன்றாகத்தான் சொன்னீர்கள், அவர் உடைந்து அழுதால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். சற்றுப் பொறுத்திருங்கள்.

நன்றியைப் போல வேடம் போடுபவை

இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் சொல்ல வேண்டியதாகத் தோன்றுகிறது.

முதலாவது, ஒப்பிட்டு ஆறுதல் தேடுவது. “பக்கத்து பெட் அம்மாவுக்குப் பிள்ளைகளே இல்லை, நமக்கு அப்படி இல்லையே.” இது உடனே ஆறுதல் தரும்; ஆனால் இன்னொருவர் துயரத்தின் மேல் நிற்கிற ஆறுதல். நாளைக்கே நம்மைவிட நன்றாகத் தேறிய ஒருவரைப் பார்த்தால் அதே அளவுக்கு நெஞ்சு எரியும். நோட்டில் ‘நமக்காக யார் என்ன செய்தார்’ என்ற கேள்வி மட்டும் இருந்தால் ஒப்பீட்டுக்கு இடமில்லை.

இரண்டாவது, கடன். மொய் நோட்டைச் சொன்னேன். அதில் உள்ள திருப்பிச் செய்யும் கணக்கு மட்டும் இங்கே நுழையவே கூடாது. நம் குடும்பங்களில் செய்த உதவியைச் சொல்லிக்காட்டும் வழக்கம் உண்டு. “ஆஸ்பத்திரியில முதல் பணம் கட்டினது யாரு?” என்று ஒரு பெரியவர் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால், அவர் செய்த உதவியை நினைக்கும்போதெல்லாம் தலை குனியத்தான் தோன்றும். அது நன்றி உணர்ச்சியாக இருக்காது, கடன்பட்ட உணர்ச்சியாகத்தான் இருக்கும். பிலிப் வாட்கின்ஸ் குழுவினர் 2006-ல் காட்டியதும் இதைத்தான்: உதவியவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய கடன்பட்ட உணர்ச்சி ஏறுகிறது, நன்றி இறங்குகிறது. அப்படிப்பட்ட உதவியை நோட்டில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருகிற தேதியை வேறு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. நன்றியை வாயடைக்கப் பயன்படுத்துவது. மருமகள் “ராத்திரி முழுக்க நான் ஒருத்தியே முழிக்க முடியல” என்றால், “மாமியாருக்குச் செய்யக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்று பதில் வரும். கணவன் தூங்குவான், நாத்தனார் போனில் விசாரிப்பார். இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்குத் தேவை இன்னொரு ஆள், மாற்றி மாற்றி முழிக்கிற ஏற்பாடு. அதைக் கேட்பதால் அவள் நன்றிகெட்டவள் ஆகிவிடமாட்டாள். அடிக்கிற, அவமானப்படுத்துகிற ஒருவரைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்மேல் நன்றியை வலிந்து வரவழைக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்களுக்குத் துணைநின்ற வேறு யாரையாவது எழுதுங்கள்.

நாலாவது, சம்பளத்துக்குப் பதிலாக நன்றி. வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்கும் அட்டெண்டர் அக்காவை “எங்க வீட்டு ஆள் மாதிரி” என்று சொல்லிவிட்டு, சம்பளத்தைப் பத்தாம் தேதி வரை இழுப்பதும், வார விடுமுறை கொடுக்காமல் இருப்பதும், டீயைத் தனி டம்ளரில் கொடுப்பதும் இன்றும் நடக்கிறது. அவர் பெயரை நோட்டில் எழுதினால், சொன்ன தேதியில் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்த்துவிடுங்கள்.

நாலாம் படி: வாரம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நோட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் “நன்றி” என்று முகத்துக்கு நேரே சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும்; அம்மாவிடமோ அண்ணியிடமோ அப்படிச் சொல்ல யாருக்கும் வராது. சொல்லவும் வேண்டாம். அவர் செய்த காரியத்தையும் அதனால் நமக்கு என்ன ஆனது என்பதையும் சொன்னால் போதும். நோட்டில் ஏற்கெனவே அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?

“அக்கா, வியாழக்கிழமை நீங்க வந்து உட்கார்ந்தீங்கல்ல, அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வாரத்துல நான் அசந்து தூங்குனது.”

“அண்ணி, நீங்க அனுப்புன பருப்புப்பொடிதான் நாலு நாளா எனக்குச் சோறு. சமைக்கிற வேலையே இல்லாமப் போச்சு.”

நாலு பேர் இருக்கும்போது அவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வதும் நம்மிடையே நன்றாக எடுபடும். அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

சங்கடமாக இருக்கும் என்று தோன்றினால் இதைக் கவனியுங்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-ல் வெளியிட்ட சோதனைகளில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவும், மகிழ்ச்சி கிடைக்கும் என்று குறைவாகவும் கணித்திருந்தார்கள். வாங்கியவர்கள் அவர்கள் நினைத்ததைவிட மகிழ்ந்தார்கள், சங்கடம் அவர்கள் பயந்த அளவுக்கு இல்லை.

கூடப்பிறந்தவர்கள் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார், இன்னொருவர் துபாயிலோ பெங்களூரிலோ இருந்து பணம் அனுப்புவார். பார்க்கிறவருக்கு “பணத்தைத் தூக்கிப்போட்டுட்டு ஹாயா இருக்கான்” என்று தோன்றும். அனுப்புகிறவருக்கு “எவ்வளவு அனுப்பினாலும் ஒரு நல்ல வார்த்தை இல்லை” என்று தோன்றும். முதலில் உள்ளதைச் சொல்லுங்கள்: “டேய், மாசம் தவறாம நீ அனுப்புறதாலதான் மருந்துக்கு யார்கிட்டயும் கை நீட்டல. அப்பாகிட்டயும் சொன்னேன்.” அதோடு நிறுத்துங்கள். “ஆனா” என்று தொடராதீர்கள். பத்து நாள் லீவு போட்டு வரச் சொல்ல வேண்டுமா, அதை இன்னொரு நாள், தனி போனில், தெளிவாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் முதலில் சொன்னது வெறும் முன்னுரையாகிவிடும், அவன் அதை நம்பமாட்டான்.

சொல்ல வேண்டியவர் இறந்துவிட்டார், அல்லது எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்றால் கடிதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜோயல் வாங் குழுவினர் மன ஆலோசனைக்கு வந்த 293 பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. நன்றிக் கடிதம் எழுதியவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்தும் மனநலம் மேம்பட்டிருந்தது. பலர் அந்தக் கடிதத்தை அனுப்பவே இல்லை.

தினமுமா, வாரம் ஒருமுறையா?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சோனியா லுபோமிர்ஸ்கி குழுவினர் 2005-ல் எழுதியதில், ஆறு வாரத்தில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்கு இல்லை. அடிக்கடி எழுதினால் சலித்துப்போகிறது. மேலே சொன்ன நரம்புத் தசை நோயாளிகளோ தினமும் எழுதிப் பலன் கண்டார்கள். என் முடிவு இது: தினமும் ஒரு வரி, வாரம் ஒருமுறை படித்துப் பார்த்து ஒருவரிடம் சொல்வது. ஒரே பெயர் தொடர்ந்து வந்தால் வரட்டும், காரியம் மட்டும் வேறாக இருக்கட்டும். “அம்மா, காப்பி கொடுத்தார்” என்று மூன்று நாள் எழுதினால் நாலாம் நாள் அம்மாவை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

நோட்டு போதாத நேரம்

இது மருந்து இல்லை. 2021-ல் டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் இருவரும் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சிகளால் கிடைக்கும் பலன் சிறியது என்றே தெரிந்தது. அவற்றைச் சிகிச்சையாக எண்ண வேண்டாம் என்பது அவர்கள் சொன்னது.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்: இரண்டு வாரமாகத் தொடர்ந்து மனம் இருண்டு கிடக்கிறது, நோயாளி தூங்கும் நேரத்திலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யார் நல்லது செய்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை, செத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது. இதில் கடைசி ஒன்று மட்டும் இருந்தாலும் அன்றைக்கே பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104-க்கும் அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. நோயாளியைக் காட்டப் போகும்போது அதே ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் ஒரு ஓபி சீட்டு போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் டாக்டரிடமே கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிறவரும் நோய்ப்படுவார் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

நடுவில் விட்டுப்போனால்

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐசியு வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, வீடு திரும்பிய பிறகு நோட்டைத் திறந்தால் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றை நிரப்ப உட்காராதீர்கள். விட்டுப்போன நாட்களின் தேதியைப் போட்டு ஞாபகப்படுத்திப் பார்ப்பது இன்னொரு வேலையாகிவிடும். உங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இன்றைய தேதியைப் போடுங்கள். பாரத்துக்கு ஒரு வரி. பிறகு ஐசியு வாசலில் உங்களுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தவர், போன் சார்ஜர் கொடுத்தவர், “நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, கூப்பிட்டா நான் சொல்றேன்” என்று இருந்தவர் ஆகிய மூவரில் யார் முதலில் ஞாபகம் வருகிறாரோ அவருக்கு ஒரு வரி. பெயர் தெரியாவிட்டால் அவர் எந்த ஊர்க்காரர், யாருக்காகக் காத்திருந்தார் என்று எழுதுங்கள்.